யார் பெயர் முதலில்

கெர்மான்
மெஹர் 9, ஈரானிய ஆண்டு 1396

அன்பு ஷஹ்லா ஜான்,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் மன்சூரும் நலம்தானே? உங்கள் ரஷ்த் மழை உன் முட்டியை அதிகம் படுத்தாமல் இருக்கிறதா? இங்கே மெஹரோடு இலையுதிர்காலம் பிறந்தும் வெயில் கிளம்புவதாக இல்லை. விருந்துக்கு வந்த மாமா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு மரப்பெட்டி வந்திருக்கும். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் இரண்டு பாட்டில்கள். பார்க்க மோர் மாதிரி இருக்கும், மோர் இல்லை. தண்ணீரில் அலுமினாத் தூளை, அதுவும் கண்ணுக்கே அகப்படாத தூளை, அடியில் தங்காதபடி கலக்கி வைத்திருக்கிறேன். என் நானோ திரவம். பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் ஹபீப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். "மோரா டாக்டரம்மா? வழியில ஒரு வாய் குடிச்சா கோச்சுக்க மாட்டீங்களே?" என்று கேட்டார். குடித்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது என்றேன். அதற்குப் பிறகு பெட்டியை மிகுந்த மரியாதையோடு தூக்கி வைத்தார்.

உனக்கு வேலை இதுதான். எங்கள் சோதனைக் கூடத்தில் பாகுத்தன்மை அளக்கும் கருவி கிடையாது, உங்களிடம் உண்டு. இந்தத் திரவம் தண்ணீரைவிட எவ்வளவு கெட்டி என்று அளந்து சொல். அந்த எண் வந்தால்தான் நான் சோதனையைத் தொடங்க முடியும். செம்புக் குழாயைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி கட்டியாகிவிட்டது. உள்ளே முதலில் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு இந்த வெள்ளைச் சமாச்சாரத்தை ஓடவிட்டு, எது அதிகச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது என்று பார்க்கவேண்டும். அந்தச் சோதனையை நீ உன் கணினியில் கணக்காகப் போட்டுப் பார். இரண்டும் ஒத்துவந்தால் நமக்கு ஒரு கட்டுரை.

அந்தக் கட்டுரை எனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியும். என் ஒப்பந்தம் வருடக் கடைசியில், எஸ்ஃபந்தோடு முடிகிறது. பல்கலைக்கழகக் குழு அப்போது கூடி என்னை நிரந்தரமாக்கும், அல்லது வீட்டுக்கு அனுப்பும். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது இருக்கவேண்டும் என்கிறார் துறைத்தலைவர் ரஸ்தேகார். என் பெயர் முதலில் இருந்தால் முழு மதிப்பெண், இரண்டாவதாக இருந்தால் பாதி. பாதி கிடைத்தாலும் தட்டுத் தடுமாறித் தப்பித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டியின் மூலையில் பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட் இருக்கிறது. அது நிஜமாகவே சாப்பிடத்தான்.

உன்
ஃபக்ரி


ரஷ்த்
மெஹர் 18

என் கண்ணே ஃபக்ரி,

உன் பெட்டி வந்தது. நான் கல்லூரியில் இருந்த நேரம் பார்த்து வந்தது. வீடு திரும்பினால் மன்சூர் ஒரு பாட்டிலைத் திறந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு, காய்ந்த புதினாவும் தூவி, கரண்டியால் கலக்கிக்கொண்டிருக்கிறார். பல் டாக்டர் என்று பெயர்தான். வாய்க்குள் எது போகலாம் என்ற அறிவு கிடையாது. நான் போட்ட சத்தத்தில் தம்ளர் கைநழுவி விரிப்பில் கொட்டியது. கறை போகவில்லை. ஆனால் விரிப்பின் அந்த மூலை முன்னைவிடப் பளபளப்பாக இருப்பதாகச் சாதிக்கிறார்.

மிஞ்சிய பாட்டிலை அளந்தேன். அடியம்மா, இதென்ன தண்ணீரா, பாகா? அறைச் சூட்டில் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கெட்டி. தாளில் எல்லா எண்ணும் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். நான்கு சதவீதம் தூள் என்கிறாய். கை தாராளமாகிவிட்டது உனக்கு, விடுதியில் நீ சமைத்த சூப் ஞாபகம் வருகிறது.

தொலைபேசியில் சொல்லக்கூடாதா, எதற்கு இந்தக் கடிதம் என்று மன்சூர் கேட்கிறார். தொலைபேசியில் உனக்கும் எனக்கும் நலம் விசாரித்து முடியவே அரை மணி நேரம், விடைபெற்று வைக்க இன்னொரு அரை மணி நேரம். நடுவில் பாகுத்தன்மைக்கு எங்கே இடம்? பெட்டி வரும்போது உள்ளே உன் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கு அது பெட்டியே இல்லை.

காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது அழகில்லை என்பதால் பூண்டு ஊறுகாய் வைத்திருக்கிறேன். ஏழு வருடம் ஊறியது. உங்கள் வறண்ட ஊருக்கு வாசனை என்றால் என்னவென்று தெரியட்டும்.

ஷஹ்லா


கெர்மான்
ஆபான் 6

அன்பு ஷஹ்லா ஜான்,

உன் கைக்கு ஒருநாளும் வலி வராமலிருக்கட்டும். ஊறுகாயைத் திறந்தேன். மேல்மாடிக்காரர் இறங்கிவந்து எரிவாயு கசிகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. கிட்டத்தட்ட முப்பது சதவீதம். தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும் சூட்டைவிட நம் திரவம் முப்பது சதவீதம் அதிகம் அள்ளுகிறது. நீ கொடுத்த எண்ணை வைத்து வேகத்தையும் கெட்டியையும் சேர்த்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் இரண்டுக்கும் ஒன்றாக வருகிற மாதிரி ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டேன், இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுபோலவே. திரும்பத் திரும்ப அளந்தேன். அதே முப்பது. ரஸ்தேகாரிடம் காட்டினேன். அவர் மேசையைத் தட்டி, தனக்கு வந்த தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தார். ஐந்து வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் தேநீர் அது.

ஒரே தொல்லை பம்புதான். திரவம் கெட்டியாக இருப்பதால் பழைய பம்பு முனகிக்கொண்டே கிடந்தது, பிறகு மூச்சை விட்டுவிட்டது. கீழ்த்தளத்து ஹைட்ராலிக்ஸ்காரர்களிடம் பெரிய பம்பு ஒன்றைக் கெஞ்சிக் கடன் வாங்கியிருக்கிறேன்.

நீ உன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டால் எழுதத் தொடங்கலாம். உன் பெயர் முதலில் வரட்டும். அளந்தது நீ, கணக்குப் போடுவது நீ. நான் குழாய்க்குக் காவல் இருந்தவள்தானே.

உன்
ஃபக்ரி


ரஷ்த்
ஆபான் 17

ஃபக்ரி ஜான்,

முடித்துவிட்டேன். உன் அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, என் கணக்கைக் கோடாகப் போட்டேன். கோடு உன் புள்ளிகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மன்சூரிடம் காட்டினேன். "அழகா இருக்கு, என்னது இது?" என்றார். இருபது வருடத் தாம்பத்யம்.

பெயர் விஷயத்தில் என்ன உளறல் இது? வெயிலில் நின்று குழாய் பார்த்தவள் நீ. வெறும் கணினியைத் தட்டியவள் உன் முன்னால் போய் நிற்பதா? உனக்குப் பின்னால் நிற்பதே எனக்குக் கௌரவம். உன் பெயர்தான் முதலில்.

ஷஹ்லா


கெர்மான்
ஆபான் 29

அன்பு ஷஹ்லா,

வாசலில் இருவர் நின்று நீ முதலில் போ, நீ முதலில் போ என்று உபசரித்தால் பின்னால் வரும் கூட்டம் என்ன ஆவது? தயவுசெய்து நீயே போ. பெரியவள் நீ, நிரந்தரப் பதவியில் இருப்பவள் நீ. ஆய்விதழ்க்காரர்கள் உன் பெயரைப் பார்த்தால் மரியாதையாகப் படிப்பார்கள்.

வேறு செய்தி எதுவும் இல்லை. குளிர் வந்துவிட்டது. காலையில் குழாயைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெரிய பம்பின் சத்தம் காதைவிட்டுப் போக மறுக்கிறது. மன்சூருக்கு என் சலாம். மோர் கேட்டால் நல்ல மோராகவே வாங்கிக் கொடு.

ஃபக்ரி


ரஷ்த்
ஆஸர் 12

என் உயிர் ஃபக்ரி,

கட்டுரை முழுவதையும் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் உன் பெயர் முதலில், என் பெயர் அடியில், இருக்கவேண்டிய இடத்தில். படித்துப் பார்த்து, தேவையான இடத்தில் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மறுபேச்சு வேண்டாம். எஸ்ஃபந்துக்கு முன் ஆய்விதழ் ஏற்கவேண்டும் என்றால் இப்போதே போயாகவேண்டும்.

யல்தா நீளிரவுப் பண்டிகைக்கு மாதுளை வாங்கிவிட்டாயா? இங்கே மாதுளையைவிட மீன்தான் மலிவு. மன்சூரின் நோயாளி ஒருவர் பல் பிடுங்கியதற்கு நன்றியாக ஒரு கூடை வெள்ளை மீன் கொண்டுவந்து கொடுத்தார். நான் வந்த விருந்தாளிக்கெல்லாம் மீன் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் வந்தால் உனக்கும் அதுதான்.

ஷஹ்லா


கெர்மான்
ஆஸர் 25

ஷஹ்லா ஜான்,

கட்டுரை அருமை. நான் சொல்ல நினைத்ததை நீ என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர்களை இடம் மாற்றியிருக்கிறேன். உன் பெயர் மேலே, என் பெயர் கீழே.

என்மேல் பாசம் இருந்தால் அப்படியே அனுப்பிவிடு. எனக்குப் பாதி மதிப்பெண் போதும்.

ஃபக்ரி


ரஷ்த்
தெய் 4

ஃபக்ரி,

இந்தக் கடிதத்தில் ஜான் இல்லை, கண்ணே இல்லை. கோபமாக எழுதுகிறேன்.

நீ ஒரு தடவை வேண்டாம் என்றால் அது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்றால் அது நல்ல வளர்ப்பு. மூன்றாம் தடவைக்கும் நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன், அதற்குள் நீ வாங்கிக்கொள்வாய் என்று. ஆனால் நீ பேனாவை எடுத்து, அச்சுக்குப் போகிற தாளில் உன் பெயரை அடித்துக் கீழே எழுதியிருக்கிறாய். கடைக்காரன் மரியாதைக்கு "உங்ககிட்ட காசு வாங்குறதா" என்று சொல்வதற்கும், கொடுத்த நோட்டை விரலால் தள்ளிவிடுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் நாம் பிறக்கவில்லை. நீ ஒப்புக்கு மறுக்கவில்லை. நிஜமாகவே உனக்கு வேண்டாம்.

ஏன்? வேலைக்கு உயிர் இந்தக் கட்டுரைதான் என்று மெஹரில் எழுதியவள் நீதான். பாதி மதிப்பெண்ணில் தப்பிப்பேன் என்கிறாய். அந்தக் குழுவில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் உன் பாதி பறந்துவிடும். அப்படியிருந்தும் முன்னால் நிற்கமாட்டாய் என்றால், பக்கத்தில் என் பெயர் இருப்பது உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் கணக்கில் ஏதாவது கோணல் செய்திருப்பேன் என்று சந்தேகமா? வேறு யாருடனாவது எழுதப் போகிறாயா? சொல். எதுவானாலும் சொல். உன்னை இழப்பதற்கு இந்த முப்பது சதவீதம் எனக்கு வேண்டாம்.

இரண்டு நாளாக மன்சூரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். பாவம், அவருக்கு நீ பதில் சொல்லவேண்டும்.

ஷஹ்லா


கெர்மான்
தெய் 13

என் ஷஹ்லா,

உன் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. என்மேல் நீ சந்தேகப்பட்டதெல்லாம் தவறு. ஆனால் நான் ஒப்புக்கு மறுக்கவில்லை என்று கண்டுபிடித்தாயே, அது சரி.

பெரிய பம்பைக் கடன் வாங்கினேன் என்று எழுதினேன் அல்லவா? ஆபான் கடைசியில் ஒருநாள் ஹைட்ராலிக்ஸ்காரர் வந்து மின்சார மீட்டரைப் பார்த்தார். "டாக்டரம்மா, தண்ணிக்கு ஓட்டுறப்ப இவ்வளவு குடிக்கலையே. இந்த மோருக்கு மட்டும் ஏன் மாடு மாதிரி குடிக்குது?" என்று கேட்டார். நான் சிரித்து அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் திரவம் கெட்டி. கெட்டியான ஒன்றைத் தண்ணீரின் ரெனால்ட்ஸ் எண்ணுக்குக் கொண்டுவரவேண்டும் என்றால் அதை வேகமாகத் தள்ளவேண்டும். நான் தள்ளினேன். வேகமாக ஓடும் எதுவும் அதிகச் சூட்டை அள்ளும், வெறும் தண்ணீராக இருந்தாலும் அள்ளும். அப்படியானால் அந்த முப்பது யார் சம்பாதித்தது, தூளா, பம்பா?

அதனால் ஒருநாள் வேறு விதமாகச் செய்து பார்த்தேன். ரெனால்ட்ஸ் எண்ணை மறந்துவிட்டு, பம்பு குடிக்கும் மின்சாரம் இரண்டுக்கும் ஒரே அளவாக இருக்கும்படி வைத்தேன். தண்ணீர் ஜெயித்தது, ஷஹ்லா. அதிகமில்லை, கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. இத்தனை விலை கொடுத்துத் தூள் வாங்கி, மணிக்கணக்கில் கலக்கி, ஹபீபின் பேருந்தில் உட்காரவைத்து அனுப்பி, கடைசியில் குழாய்த் தண்ணீரிடம் தோற்றுப்போனேன்.

ரஸ்தேகாரிடம் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் ஒப்பிடுறாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த வம்பு? முதல்ல வேலைய வாங்குங்க, அப்புறம் உண்மையப் பார்க்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் அளவுகளில் பொய் ஒன்றும் இல்லை. ஒப்பிட்ட விதத்தில்தான் ஓரவஞ்சனை இருக்கிறது.

அதன்பிறகும் நான் உனக்குச் சொல்லவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கட்டுரை வரவேண்டும், எனக்குப் பாதி மதிப்பெண் வேண்டும், ஆனால் அந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று என்னால் விளக்க முடியாது. முதல் பெயர் உன்னுடையதாக இருந்தால் கேள்விகள் உன்னிடம் வரும், நீ பதவியில் இருப்பவள், சமாளித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உன்னை உபசரிக்கிற சாக்கில் உன்னை முன்னே தள்ளிவிட்டு நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். திட்டு. ஆனால் ஜான் போட்டுத் திட்டு.

ஃபக்ரி


ரஷ்த்
தெய் 21

ஃபக்ரி ஜான், ஜான், ஜான்,

எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மன்சூர் காத்திருந்த நோயாளியை விட்டுவிட்டு ஓடிவந்தார். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. கேள்.

கணினியில் கணக்கைப் போடுகிறவளுக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஆபானில் உன் புள்ளிகள்மேல் என் கோடு உட்கார்ந்த அன்றே, சும்மா ஒரு ஆசைக்கு, பம்பின் செலவை இரண்டுக்கும் ஒன்றாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஜெயித்தது. உனக்கு வந்த அதே கொஞ்சம்தான். எண்ணைப் பார்த்தேன், ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன், கணினியை மூடிவிட்டேன். எஸ்ஃபந்தில் ஃபக்ரிக்குக் குழு இருக்கிறது, அவள் சந்தோஷமாக இருக்கிறாள், ரஸ்தேகார் தேநீர் கொடுத்திருக்கிறார், இதை நான் ஏன் சொல்லவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன் பெயரை முன்னால் போடச் சொன்னது உன் வேலைக்காகத்தான், அது சத்தியம். ஆனால் என் பெயர் முன்னால் வரவேண்டாம் என்று நான் அத்தனை பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் பணிவு மட்டுமில்லை.

ஆக, நாம் இருவரும் கெட்டுப்போன மீனை ஒரே தட்டில் வைத்துக்கொண்டு, நீ எடுத்துக்கொள், இல்லை இல்லை நீ எடுத்துக்கொள் என்று இரண்டு மாதமாக உபசரித்திருக்கிறோம். நாற்றம் இருவருக்கும் தெரியும். வாய் திறந்து சொல்ல மட்டும் ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. ஒரு சொல் முன்னே சொல்லியிருந்தால் எத்தனை பேருந்துச் செலவு மிச்சம்.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். முடிவு உன்னுடையது. இருக்கிறபடியே அனுப்பலாம் என்றால் உன்னோடு கையெழுத்துப் போடுகிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் நிற்கிறேன். அனுப்பவேண்டாம் என்றால் அதற்கும் பக்கத்தில் நிற்கிறேன். வேலை போகிறது உனக்கு, எனக்கில்லை. அதனால் நேர்மை பற்றி நான் உனக்கு ஒரு வரிகூட எழுதப்போவதில்லை.

எது செய்தாலும் சாப்பிட்டுவிட்டுச் செய்.

ஷஹ்லா


கெர்மான்
எஸ்ஃபந்த் 16

ஷஹ்லா ஜான்,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. குழு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது.

கட்டுரையை அனுப்பவில்லை. உன் கணக்கையும் என் அளவையும் சேர்த்து இரண்டு படம் வரைந்து எடுத்துக்கொண்டு குழுவுக்குப் போனேன். முதல் படத்தில் ஒரே ரெனால்ட்ஸ் எண், நம் திரவம் உயரத்தில். எல்லோரும் தலையசைத்தார்கள். இரண்டாவது படத்தில் ஒரே மின்சாரம், தண்ணீர் மேலே. தலையசைப்பு நின்றது. ரஸ்தேகார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரும்பக் கட்டிக்கொண்டார்.

முதுபேராசிரியர் தவக்கோலியை உனக்குத் தெரியுமல்லவா, நானோ திரவத்தில் அறுபது கட்டுரை எழுதியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே வந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நாங்க இத்தனை வருஷம் எழுதினதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டார். "அளந்ததெல்லாம் சரிதான் ஐயா. பம்புக்கு யாரு காசு கட்டுறாங்கன்னு மட்டும் நாம கேக்கல" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான் பட்டார், ஆனால் படத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிரந்தரமாக்கவில்லை. வீட்டுக்கும் அனுப்பவில்லை. இன்னும் ஆறு மாதம், மெஹர் வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால் மறுபடி கூடுவார்கள், இல்லாவிட்டால் அவர்கள் கூடவேண்டிய அவசியமே இருக்காது. ரஸ்தேகார் என்னிடம் பேசுவதில்லை. சோதனைக் கூடத்தின் பாதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். காலை எட்டு மணிக்கு முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வெப்பவியல் வகுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் வகுப்பில் விழித்திருப்பவள் நான் ஒருத்திதான்.

பயமாக இருக்கிறது, ஷஹ்லா. பொய் சொல்லமாட்டேன். மெஹருக்குப் பிறகு என்ன செய்வேன் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் இன்று காலையில் கூடத்தில் எனக்கு மிஞ்சிய பாதியில் நின்றுகொண்டு தூளைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால் நம் திரவமும் தண்ணீரும் சமம், சண்டை சரிநிகர். அதற்கு மேலே போகப்போக நஷ்டம். எங்கே சமம், எங்கே நஷ்டம், எவ்வளவு என்று ஒரு முழுப் படம் போடலாம் என்று தோன்றுகிறது. இதை யாராவது அச்சிடுவார்களா தெரியாது. தோற்ற கதையைக் காசு கொடுத்து யார் படிப்பார்கள்? ஆனாலும் எழுதலாமா?

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு வருகிறேன். மீன் இருக்கட்டும்.

உன்
ஃபக்ரி


ரஷ்த்
ஷஹ்ரிவர் 11, 1397

என் கண்ணின் ஒளியே ஃபக்ரி,

நின்றுகொண்டே படிக்கலாம், விழமாட்டாய். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இன்று காலை கடிதம் வந்தது. நவ்ரோஸ் விடுமுறையில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மன்சூரை மூன்று முறை தேநீர் போடவைத்து நாம் எழுதினோமே, அதே கட்டுரை. மதிப்பிட்ட இருவரில் ஒருவர், இதைப் பத்து வருடத்துக்கு முன்பே யாராவது எழுதியிருக்கவேண்டும் என்கிறார். இன்னொருவர் எரிச்சலாக இரண்டு பக்கம் கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் அச்சிடுங்கள் என்கிறார். எனக்கு அந்த எரிச்சல்காரரைத்தான் பிடித்திருக்கிறது. அவருக்கும் வீட்டில் ஒரு பம்பு இருக்கும்.

அச்சுக்கு முன் ஒரு விஷயம் கேட்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கும் தாளில் பெயர் வரிசையை உறுதிசெய்து நீ கையெழுத்திட்டு அனுப்பவேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அந்த முதல் இடத்துக்கு யார் என்னைக் கூப்பிட்டாலும் தப்பி ஓடினேன். இந்தத் தடவை எனக்கே ஆசையாக இருக்கிறது. இதில் என் பெயர் முதலில் வந்தால் சட்டம் போட்டு மன்சூரின் மருத்துவமனையில் மாட்டிவைப்பேன், பல் பிடுங்க வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு படிக்கட்டும். கணக்கெல்லாம் என்னுடையது, எழுத்தும் பாதிக்கு மேல் என்னுடையது. ஆகவே கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இருந்தாலும் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆகையால் முறைப்படி சொல்கிறேன்: ஃபக்ரி ஜான், தயவுசெய்து உன் பெயர் முதலில் வரட்டும். நீ மறுத்து எழுது. நான் மறுபடி கேட்கிறேன். நிதானமாக மூன்று சுற்று போவோம், மெஹருக்கு இன்னும் நாளிருக்கிறது.

ஷஹ்லா


கெர்மான்
ஷஹ்ரிவர் 18

ஷஹ்லா ஜான்,

சரி.

உன் கடிதம் வந்த அன்றே என் பெயரை முதலில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீ ஒரு தடவைதான் கேட்டாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு ஆசை இருந்தது என்பதும் தெரியும். இன்னொரு தடவை கேட்கும்வரை காத்திருந்தால் நான் மரியாதைக்காக மறுத்துவிடுவேன், அதற்குப் பயந்துதான் ஓடிப்போய் அனுப்பினேன். எனக்கு இது வேண்டும், ஷஹ்லா. இந்த ஒன்றை எனக்குக் கொடு.

உன்
ஃபக்ரி